ஆயாவின் இங்கிலீஷ்

(கோவளத்தில், மாலைநேரப் படிப்பு வட்டத்து மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னை முதலில் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். ரெண்டு நாள் கழித்து மறுபடியும் போன். "கவிதை கிடக்கட்டும் தோழர், இங்கிலீஷ் பேசுறதப் பத்திப் பேசுங்க, புள்ளைங்க அதுக்குத்தான் தவிக்குது" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கவிதையைவிட அவசரமான காரியம் இது. நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. பேங்கில் கிளார்க். கவுண்டரில் உட்கார்ந்துகொண்டு, பயந்து பயந்து, தப்பும் தவறுமாகப் பேசிக் கற்றுக்கொண்டவன். அந்தப் பயத்தைப் பற்றி மட்டும்தான் எனக்கு அதிகாரத்தோடு பேச முடியும்.

போன மாதம் நம்ம தங்கச்சி ஒருத்தி பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனாள். பேர் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். கம்ப்யூட்டரில் அவளுக்குத் தெரியாதது இல்லை. முதல் கேள்வி, "டெல் மி அபௌட் யுவர்செல்ஃப்." இவள், "மை நேட்டிவ் ப்ளேஸ் இஸ் கோவளம், மை ஃபாதர் இஸ் எக்ஸ்பையர்ட்" என்றிருக்கிறாள். எதிரில் இருந்த மூணு பேரில் ஒருத்தர் சிரித்துவிட்டார். மருந்துதான் எக்ஸ்பையர் ஆகும், மனுஷன் ஆவானா என்று பக்கத்தில் இருந்தவரிடம் தமிழிலேயே சொல்லியிருக்கிறார். அதுக்கப்புறம் இவளுக்கு வாய் திறக்கவில்லை. அப்பா செத்ததைச் சொன்னவளைப் பார்த்துச் சிரித்தார்களே, அது என்ன படிப்பு?

ஆனால் நான் யோசித்தது அந்தச் சிரிப்பைப் பற்றி மட்டுமில்லை. அந்தக் கேள்வியைப் பற்றியும்தான். உன்னைப் பற்றிச் சொல்லு. மற்றவர்களுக்கு இது சாதாரண கேள்வி. நமக்கு? எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், அப்பா என்ன செய்தார், என்று ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போகிற கேள்வி அது. இதற்குத் தமிழிலேயே நாம் தயங்கித்தான் பதில் சொல்வோம். அப்புறம் இங்கிலீஷில் எப்படி வரும்?

ரெட்டைமலை சீனிவாசன் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் 1859இல் பிறந்தவர். 1939இல் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். கோயமுத்தூரில் படித்ததை அதில் சொல்கிறார். சுமார் 400 பிள்ளைகளில் 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் வீடும் தெரிந்துவிடுமோ என்று பயந்து, மணி அடிக்கிறவரை பள்ளிக்கு வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். விட்டதும் யாரும் கூட வந்துவிடாதபடி விறுவிறு என்று வீட்டுக்கு நடந்துவிடுவாராம். பேச்சுக் கொடுத்தால் சாதி வெளியே வரும், அதனால் பேச்சே வேண்டாம். அப்படி வாயை மூடிக்கொண்டு படித்த பையன் பின்னாலே நீலகிரியில் வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு எழுதினார், 1893இல் 'பறையன்' பத்திரிகை நடத்தினார், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார், 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேஜை மாநாட்டில் உட்கார்ந்தார். இவ்வளவும் சரி. எனக்கு அவரை நினைத்தால் லண்டன் ஞாபகத்துக்கு வராது. மணி அடிக்கிற வரைக்கும் வெளியே ஒதுங்கியிருக்கிற பையன்தான் வருவான். நம் வாய்க்குள் இன்னும் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறான்.

இப்போ என் ஆயா கதைக்கு வருகிறேன். ஆயா என்றால் அப்பாவைப் பெற்றவர். பல்லாவரத்தில் ஒரு ஆங்கிலோ இந்தியன் குடும்பத்தில் இருபது வருஷம் பிள்ளை பார்த்தவர். அங்கேயும் அவருக்கு ஆயா என்றுதான் பேர். (பிள்ளை பார்க்கிற ஆயா போர்த்துகீசிய பாஷையிலிருந்து வந்த சொல் என்கிறார்கள். நம்ம வீட்டு ஆயா வேறே. ஆனால் எங்க வீட்டில் ரெண்டும் ஒரே ஆள்.) அவர் இங்கிலீஷ் பேசுவார். கைநாட்டுதான், ஆனால் பேசுவார். "ஐ டுமாரோ கமிங்", "பேபி டன் ஸ்லீப்". கணீர் என்று, கூச்சமே இல்லாமல்.

நான் காலேஜ் முதல் வருஷம் படித்தபோது கூடப் படிக்கிற பையன் ஒருத்தன் வீட்டுக்கு வந்தான். சேரிக்குள்ளே அவன் வந்ததே எனக்குப் பெரிய விஷயம். ஆயா முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, "கம் சார், சிட் சார், ஐ டீ புட்டிங்" என்றார். அவன் லேசாகத்தான் சிரித்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவனுக்கு முன்னாடி நான் வேற, இவங்க வேற என்று காட்டணும் எனக்கு. "சும்மா இரு ஆயா, மானத்த வாங்காத" என்றும் சொன்னேன். டீ வந்தது. குடித்தோம். அதுக்கப்புறம் 2011இல் அவர் சாகிற வரைக்கும் என் எதிரில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை பேசவில்லை.

அந்த நேர்காணலில் சிரித்தவரை நான் திட்டுவதற்கு முன்னால் இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பேங்குக்கு வந்த பிறகு ஒரு பழைய அகராதியைப் புரட்டினேன். யூல், பர்னெல் என்று ரெண்டு துரைகள் சேர்ந்து 1886இல் போட்டது, ஹாப்சன் ஜாப்சன் என்று பேர். அதில் 'பட்லர் இங்கிலீஷ்' என்றே ஒரு பதிவு இருக்கிறது. சென்னை ராஜதானி வேலைக்காரர்கள் பேசுகிற உடைந்த இங்கிலீஷ் என்று விளக்கம், கூடவே ஒரு இளக்காரம். ஆனால் கேலிக்கு நடுவிலே இலக்கணத்தையும் கவனித்து எழுதியிருக்கிறார்கள். 'ஐ டெல்லிங்' என்றால் இனிமேல் சொல்லுவேன் என்று அர்த்தமாம். 'ஐ டன் டெல்' என்றால் சொல்லியாயிற்று என்று அர்த்தமாம். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயா பேசியது அப்படியே இருக்கிறது. அவர் வாய்க்கு வந்ததை உளறவில்லை, நூறு வருஷத்துக்கு மேல் புழங்கிய ஒரு பாஷையைப் பேசியிருக்கிறார்.

இன்னும் ஒன்று தோன்றியது. நாம் தமிழில் எப்படிப் பேசுகிறோம்? "நாளைக்கு வர்றேன்", "அப்புறம் சொல்றேன்." நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கு நடப்பதுபோலச் சொல்லுவது நம்ம வழக்கம். 'ஐ டுமாரோ கமிங்' அதுதான். 'டன்' என்கிறது நம்ம 'ட்டேன்'. வந்துட்டேன், சொல்லிட்டேன், தூங்கிட்டான். பள்ளிக்கூடம் உள்ளே விடாத சனம், ஒரு எழுத்தும் படிக்காமல், சமையல்கட்டில் நின்று காதால் கேட்டே அந்நிய பாஷையைப் பிடித்து, தன் தமிழின் எலும்புக்கூட்டில் அதன் சதையை ஏற்றியிருக்கிறது. இது உளறலா?

யார் அந்த வேலைக்காரர்கள்? மாட்டுக்கறி சமைக்க, எச்சில் தட்டு கழுவ, பீத்துணி அலச சாதி இந்து வரமாட்டான். போனவர்களில் பெரும்பகுதி நம்ம ஆட்கள்தான். அதே காலத்தில் துரைகளுக்கு வியாபாரத் தரகு பார்த்த துபாஷிகள் இருந்தார்கள். அவர்களும் பேசிப் பேசிப் பழகிய இங்கிலீஷ்தான். துபாஷி பச்சையப்ப முதலியார் பேரில் காலேஜ் இருக்கிறது. பட்லர் பேரில் கேலிதான் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது தப்பாகப் பேசினால் "என்னடா பட்லர் இங்கிலீஷ்" என்கிறார்களே, அது இலக்கணத் திருத்தம் இல்லை தோழர்களே. சாதி வசவு. நாமே அதை எடுத்து நம்மை வைதுகொள்கிறோம்.

அயோத்திதாசப் பண்டிதர் தன் 'தமிழன்' பத்திரிகையில் ஒன்று எழுதியிருக்கிறார். அவருடைய பாட்டன் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லர். அவர் வீட்டில் இருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொண்டுபோய்த் துரையிடம் கொடுக்க, அது எல்லீஸ் துரை கைக்குப் போய்ச் சேர்ந்தது என்கிறார். அந்தச் சுவடியை நீட்டும்போது கந்தப்பன் என்ன இங்கிலீஷில் பேசியிருப்பார்? அநேகமாக பட்லர் இங்கிலீஷில்தான் பேசியிருப்பார். அதற்காக யாராவது குறளைத் திருப்பிக் கொடுத்தார்களா?

சரி, அப்படியென்றால் பட்லர் இங்கிலீஷிலேயே இருந்துவிடலாமா என்று கேட்பீர்கள். இல்லை. அதில் ஒரு கோளாறு இருக்கிறது, அது இலக்கணக் கோளாறு இல்லை. ஆயாவுக்குத் தெரிந்த வாக்கியங்களை நினைத்துப் பார்த்தேன். வர்றேன், போடுறேன், முடிச்சுட்டேன், எஸ் மேடம், ஸாரி மேடம். எல்லாம் ஏவலுக்குப் பதில். 'ஏன்' என்கிற சொல் அதில் இல்லை. கூலி எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று இருபது வருஷத்தில் ஒரு நாளும் ஆயா இங்கிலீஷில் கேட்டதில்லை. கேட்கிற வாக்கியத்தை அந்த வீடு அவருக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

இப்போ நம்ம கரையோரத்தைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை முழுக்க ரிசார்ட். அந்தப் பக்கம் சிறுசேரியில் கண்ணாடிக் கட்டடங்கள். நம்ம அக்காக்கள் ஹவுஸ்கீப்பிங், அண்ணன்கள் செக்யூரிட்டி. அங்கே பயிற்சி என்று சொல்லிக்கொடுப்பதும் குட் மார்னிங் சார், வெல்கம் மேடம், ஸாரி ஃபார் தி இன்கன்வீனியன்ஸ். உச்சரிப்பு ஆயாவைவிடச் சுத்தம். ஆனால் வாக்கியம் அதே வாக்கியம். செங்கல்பட்டில் நம்ம பாட்டன்கள் 'ஆண்டே' என்று கூப்பிட்டார்கள். 'ஆண்டே' போய் 'சார்' வந்தது. வாக்கியத்துக்கு வாக்கியம் சார் போட்டு யாரும் லண்டனில் பேசுவதில்லை, நாம்தான் போடுகிறோம்.

ஆகவே நான் சொல்லவருவது ஒன்றுதான். பேசிப் பழகுங்கள், தினமும் பழகுங்கள், ஆனால் கேட்கிற வாக்கியத்திலிருந்து பழகுங்கள்.

ஏன் என்பதற்கு உதாரணம் நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்கள் நிலைமை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். 1892இல் அதன்பேரில் பஞ்சமி நில ஆணை வந்தது. அறிக்கையும் இங்கிலீஷ், ஆணையும் இங்கிலீஷ். யாருக்கு நிலமோ அவனுக்குப் படிக்கத் தெரியாது. விற்கக்கூடாத நிலம் கை மாறிப் போனதற்கு ஆதிக்க சாதியின் தடியும் தந்திரமும்தான் முதல் காரணம். காகிதம் நம் கண்ணுக்கு இருட்டாக இருந்ததும் ஒரு காரணம். அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச்சூட்டில் செத்தார்கள். இன்றைக்கும் தாலுக்கா ஆபீசில் நாலு பேர் மனுவோடு போய் நின்றால், அதுவரை தமிழில் பேசிய அதிகாரி திடீரென்று இங்கிலீஷுக்கு மாறுவார், கவனித்திருக்கிறீர்களா? "அஸ் பர் ரூல்ஸ் நாட் பாசிபிள்." அவ்வளவுதான், கதவைச் சாத்தியாயிற்று. அந்த இடத்தில் ஒரே ஒருத்தர் "விச் ரூல்? ப்ளீஸ் கிவ் இட் இன் ரைட்டிங்" என்று கேட்டால் அவர் மூஞ்சி மாறும். நான் பார்த்திருக்கிறேன். கதவு உடனே திறந்துவிடாது, ஆனால் சாத்துகிற சுகம் அவருக்குப் போய்விடும்.

எப்படிப் பழகுவது? என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுக்கு ஒத்துவருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பேங்கில் சேர்ந்த புதிதில் மேல் ஆபீசிலிருந்து போன் வந்தால் பாத்ரூமுக்குப் போய்விடுவேன். "கோட்டால வந்தா இப்படித்தான்" என்று பின்னால் ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலுக்காகவே ஒரு வருஷம் பேசாமல் இருந்தேன். தப்பாகப் பேசினால் அவன் சொன்னது நிஜமாகிவிடுமே என்று பயம். நம்மில் ஒருத்தர் தப்பு செய்தால் அது ஒரு ஆள் செய்த தப்பு இல்லை, மொத்த சனத்தின் பேரிலும் எழுதப்படும். அவர்கள் வீட்டுப் பிள்ளை தப்பு செய்தால் பிள்ளை சின்னது. இந்தச் சுமையோடு யாருக்கு நாக்கு புரளும்?

என் நாக்கைப் புரளவைத்தது ஒரு மிசோரம் பெண். தாம்பரத்தில் ஒரு ஓட்டலில் வேலை செய்தவர். கணக்கு தொடங்க வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மிசோ தெரியாது, ரெண்டு பேருக்கும் இந்தி தகராறு. இங்கிலீஷைத் தவிர வழியில்லை. "வேர் யூ ஸ்டே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பெருங்களத்தூர்" என்றார். அவ்வளவுதான். எனக்கு வேண்டியது பதில், கிடைத்துவிட்டது. பத்து நிமிஷம் பேசினோம். 'வேர் டூ யூ ஸ்டே' என்று இருந்திருக்கணும் என்பது ராத்திரி படுக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து தமிழ் தெரியாத வாடிக்கையாளர் வந்தால் என் கவுண்டருக்கு அனுப்பச் சொல்லிவிட்டேன். நம் சாதியைத் துருவாதவரிடம் பேசும்போது நம்ம இங்கிலீஷ் தானாக நாலு படி ஏறிவிடுகிறது. இந்தக் கோவளத்திலேயே 2013இல் அலைச்சறுக்குத் திருவிழா தொடங்கியது. கடற்கரையில் மீனவப் பையன்கள் வெளிநாட்டுக்காரர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், போய்க் கேளுங்கள். இலக்கணம் பாதிதான் இருக்கும். தயக்கம் சுத்தமாக இருக்காது. ஏனென்றால் அங்கே அலையைத் தெரிந்தவன் அவன், கற்றுக்கொள்ள வந்தவர் வெள்ளைக்காரர்.

அந்த 'டூ', 'டிட்' விவகாரம்தான் நமக்குப் பெரிய முள். தமிழில் கேள்விக்கு வார்த்தையை இடம் மாற்றவேண்டியதில்லை. கடைசியில் ஒரு 'ஆ' போட்டால் போதும், வந்தான், வந்தானா. இங்கிலீஷில் 'டிட்' முன்னால் வந்து, வினைச்சொல் கடந்தகாலத்தைக் கழற்றிப் போடணும். 'ஹூம் டிட் யூ கிவ் இட் டு?' சூத்திரம் படித்து இது வராது. வாய்ப் பழக்கம்தான். கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ரோட்டில் தாம்பரம் பஸ்ஸில் போகிற நேரம் முழுக்க நான் உதட்டுக்குள்ளே கேள்வி கேட்டுக்கொண்டே போவேன். ஏன் பஸ் நின்றது, யார் அந்தப் போர்டை எழுதினது, இந்த நிலம் யாருடையது. பக்கத்தில் இருந்தவர் ஒருநாள் "தம்பி ஜெபம் பண்றீங்களா" என்று கேட்டார். ஆமாங்க என்றேன்.

மின்சார ரயிலில் ஒரே அறிவிப்பு தமிழிலும் இங்கிலீஷிலும் வரும். தமிழைக் கேட்டதும் இங்கிலீஷை நீங்களே முதலில் சொல்லிப்பார்த்து, அப்புறம் அந்தக் குரலோடு ஒப்பிடுங்கள். பேங்குக்கு வந்தால் படிவத்தைக் கூட வருகிறவரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். முப்பது நாளில் இங்கிலீஷ் என்று புத்தகம் விற்கிறார்கள். அதில் ஓட்டலில் சாப்பாடு கேட்க வாக்கியம் இருக்கும், போலீஸ் ஸ்டேஷனில் முதல் தகவல் அறிக்கையின் நகல் கேட்க இருக்காது. நகலை இலவசமாகத் தரணும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வாக்கியத்தை நாம்தான் எழுதிக்கொள்ள வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, அதையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு பிரிவு. ஒருத்தர் சத்தமாகப் படிக்க, இன்னொருத்தர் தமிழில் சொல்ல, மூன்றாவது ஆள் கேள்வி கேட்க. இங்கிலீஷும் வரும், சட்டமும் வரும்.

தமிழ் என்னாவது என்று நம்ம தோழர்களே சிலர் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் எந்தத் தமிழ்? நம்ம இங்கிலீஷைக் கேட்டுச் சிரிக்கிறவன் அதுக்கு முன்னால் நம்ம தமிழைக் கேட்டுச் சிரித்தவன். சேரி பாஷை என்றான். 1992இல் பாமா 'கருக்கு' எழுதியபோது இதெல்லாம் ஒரு பாஷையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அதே புத்தகம் இங்கிலீஷுக்குப் போய் கிராஸ்வேர்ட் விருது வாங்கியது. நம்ம தமிழில் ஒரு 'வாடா' இருக்கிறது, எழுபது வயசுக் கிழவனைப் பத்து வயசுப் பொடியன் கூப்பிடுகிற 'வாடா'. இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே 'யூ'. மேனேஜரைப் பார்த்து முதல்முறை 'யூ' என்று சொன்ன அன்றைக்கு எனக்கு உள்ளங்கை வேர்த்தது. அந்த வேர்வையைத் தமிழ் ஆசிரியர்கள் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

அதற்காக நான் இங்கிலீஷுக்குக் கற்பூரம் காட்டவில்லை. சாவித்திரிபாய் பூலே 1854இலேயே ஆங்கிலத்தைத் தாய் என்று பாடியவர். உத்தரப்பிரதேசத்தில் சந்திரபான் பிரசாத் 2010இல் பங்கா என்ற கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் எழுப்ப அடிக்கல் நாட்டினார். கம்ப்யூட்டர் மேல் நிற்கிற, கையில் பேனா பிடித்த தேவி. அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் தேவி என்றால் மறுபடியும் கைகட்டி நிற்கணும். எனக்கு அது வேண்டாம், கருவி போதும். கருவி இருந்தும் காப்பாற்ற முடியாமல் போவதும் உண்டு. 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா கடைசியாக எழுதிய கடிதம் நல்ல இங்கிலீஷில்தான் இருந்தது. மொழி தெரிந்தால் விடுதலை என்று உங்களிடம் சொல்லி ஏமாற்ற மாட்டேன்.

நேரமாகிவிட்டது, ஏழரைக்குக் கடைசியாகக் கிளம்புகிற தோழர்கள் இருக்கிறார்கள். பேச்சு போதும். ரெண்டு ரெண்டு பேராகத் திரும்பி உட்காருங்கள். ஒருத்தர் தாசில்தார், ஒருத்தர் மனுதாரர். தாசில்தார் என்ன சொன்னாலும் மனுதாரர் கேள்வியாகத்தான் பேசணும், சார் போடக்கூடாது. தப்பு வந்தால் பரவாயில்லை, சொல்லி முடித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். அடுத்தவர் தப்புக்கு யார் சிரிக்கிறார்களோ அவர்கள் இன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும். முன்னொரு நாள் சிரித்த பாக்கி என்னிடம் இருப்பதால் முதல் ரவுண்டு டீ என்னுடையது. நேர்காணலுக்குப் போன தங்கச்சி, நீதான் முதல் மனுதாரர், வா. நான் தாசில்தார்.

"யெஸ், வாட் டூ யூ வாண்ட்?"